தூக்கத்துக்கு மாற்று ஆள்

நெற்றிப் பட்டை நெற்றியை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரம். கிரேன்காரர் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, இரண்டு கட்டைவிரல்களையும் பட்டைக்கு அடியில் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தார். தோலுக்கும் பட்டைக்கும் நடுவே தடவிய குளிர்ச்சிப் பசை இரவோடு இரவாகக் காய்ந்து, சுவரில் ஓடு ஒட்டுகிற பசையைப் போல இறுகிப்போயிருந்தது.

"பசையை மெல்லிசாத் தடவணும்னு பட்டையைக் குடுத்த அந்தப் பொண்ணு சொன்னாளா இல்லையா?" என்று கேட்டபடி மனைவி எண்ணெய்ப் பாட்டிலோடு வந்தாள்.

"மெல்லிசாத் தடவினா தூக்கமும் மெல்லிசாத்தான் வரும்னு நெனச்சேன்."

"வந்துச்சா?"

"எங்க வந்துச்சு? ராத்திரி பூரா மழை. ஒவ்வொரு சொட்டாக் கேட்டுக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன்."

மனைவி ஜன்னல் வழியாக ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை புழுதி பறந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து பட்டையின் ஓரமாக எண்ணெயை விட்டு, மெதுவாக ஊறவைத்து, ஒரே இழுப்பாக இழுத்தாள். பட்டை வந்துவிட்டது. கூடவே இடது புருவத்தில் பாதியும் வந்துவிட்டது.

"அம்மா!" என்று அலறினார் கிரேன்காரர்.

"முடிதானே, வளர்ந்துடும்" என்று சொல்லிவிட்டு அவள் கொட்டாவி விட்டாள். நேரங்கெட்ட நேரத்தில் கொட்டாவி விடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது.

கிரேன்காரர் உயரமான கட்டடங்கள் எழும்புகிற இடத்தில், அந்தக் கட்டடங்களைவிட உயரமாக நிற்கிற கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பவர். அங்கிருந்து பார்த்தால் கீழே இருக்கிறவர்கள் எல்லாம் தொப்பிகளாகத்தான் தெரிவார்கள். சுமை எங்கே இறங்குகிறது என்று மேலே இருப்பவருக்குச் சரியாகத் தெரியாது. கீழே கொடியோடு ஒருவர் நின்று ஏற்று, இறக்கு, நிறுத்து என்று காட்டுவார். கொடிக்காரர் சொல்வதுதான் வேதம். நம்முடைய கிரேன்காரருக்கு வெகுகாலமாக ஒரே கொடிக்காரர்தான் கண்ணாக இருந்தார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், இரும்புக் கம்பிக் கட்டு ஒன்று பாதி வழியில் நழுவியது. கொடிக்காரர் கையைத் தூக்கி "நிறுத்து" என்று காட்டினார். அவர் காட்டிய கடைசி சைகை அதுதான்.

விசாரணை நடந்தது. சுமையைக் கட்டித் தூக்குகிற வடத்தின் உள்ளிழைகள் உளுத்துப்போயிருந்தன, வெளியே பார்த்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, கிரேன் ஓட்டியவர் மீது ஒரு தவறும் இல்லை என்று முடிவானது. இதை முதலாளி ஒப்புக்கொண்டார், சங்கம் ஒப்புக்கொண்டது, கொடிக்காரரின் மனைவியே அழுகைக்கு நடுவில் கையைப் பிடித்து ஒப்புக்கொண்டாள். கிரேன்காரரின் கண்ணிமைகள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. நெஞ்சில் சதா ஒரு படபடப்பு உட்கார்ந்துகொண்டது.

தூக்க மாத்திரை போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ரத்தத்தில் மாத்திரை வாசனை அடித்தாலே கிரேனில் ஏற விடமாட்டார்கள். அதனால் அவரைக் கீழே இறக்கி, வடக் கிடங்கில் உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு வடமாக எடுத்து, முறுக்கைப் பிரித்து, உள்ளே உளுத்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. எந்த மனிதனுக்கு எந்த வேலையைக் கொடுப்பது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? அவருடைய கூண்டில் இப்போது மீசை சரியாக முளைக்காத ஒரு மாற்று ஆள் உட்கார்ந்து கொக்கியை ஊஞ்சல் ஆட்டிக்கொண்டிருந்தான்.

கிடங்குக்குப் போகிற வழியில்தான் கொடிக்காரர் விழுந்த இடம். அங்கே புதிதாக சிமென்ட் பூசியிருந்தார்கள். கிரேன்காரர் தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவார். மறுபடி மேலே ஏறி, ஒரு சுமையை ஒழுங்காகத் தூக்கி ஒழுங்காக இறக்கிவிட்டால் தான் இன்னும் மனுஷன்தான் என்று தனக்கே ஒரு நம்பிக்கை வரும் என்று நினைத்தார். கீழேயே இருந்துவிட்டால் அந்தச் சிமென்டைச் சுற்றிச் சுற்றியே மீதி வாழ்க்கை முடிந்துவிடும் என்று பயந்தார்.

அப்போதுதான் சேஃப்டி ஆபீசர் ஒரு யோசனையோடு வந்தார்.

"ஒரு கம்பெனிக்காரங்க வந்திருக்காங்கப்பா. மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. எல்லாம் உடம்புல மாட்டிக்கிற வைத்தியம். படபடப்பு அடங்குமாம், தூக்கம் வருமாம். பரிசோதனைக்கு ஆள் தேடுறாங்க."

"நான் என்ன சார் எலியா?"

"எலிக்குப் பட்டை சேராதாம். கேட்டுட்டேன்" என்றார் ஆபீசர். "கடைசியாக் குடுக்கிற பட்டை நீ தூங்கினியா இல்லையான்னு பதிவு பண்ணிடும். தூங்கினேன்னு வந்தா நானே கையெழுத்துப் போட்டு உன்னை மேலே அனுப்புறேன்."

"வரலைன்னா?"

"கிடங்கு நிரந்தரம். அந்தப் பையனையே மேலே வச்சுக்கச் சொல்லி உத்தரவு வந்துடும்."

இப்படியாகத்தான் பட்டைக்காரப் பெண் அவர் வாழ்க்கைக்குள் வந்தாள். கம்பெனியில் கருவிகளைக் கொடுத்து வாங்குகிற பெண். சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு வருவாள். எதைக் கேட்டாலும் சிரித்த முகமாக "அருமை சார்" என்பாள். புருவம் போன கதையைக் கேட்டதும் அதையேதான் சொன்னாள்.

"அருமை சார். நெற்றிப் பட்டை உங்களுக்கு ஒத்துக்கல. காதுக் கிளிப் தர்றேன்."

காதுமடலில் மாட்டிக்கொள்கிற கிளிப் அது. லேசாக மின்சாரம் விட்டு நரம்பை அமைதிப்படுத்துமாம். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தாள். ஆனால் அரைத்தூக்கத்தில் காதில் எறும்பு ஊர்ந்தால் எந்த மனிதனும் என்ன செய்வான்? ஓங்கி ஒரு அறை விட்டுக்கொண்டார். கிளிப் இரண்டாக உடைந்து ஒரு பாதி காதுக்குள் போய் உட்கார்ந்தது.

காது டாக்டர் அதை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அடைத்தார். மறுநாள் பஞ்சடைத்த காதோடு கிடங்குக்கு நடந்தவர், பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வந்த லாரியைக் கவனிக்கவில்லை. யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். இழுத்தவர் சேஃப்டி ஆபீசர்.

"புருவம் இல்லை, காது கேக்கல. போற போக்கைப் பார்த்தா மேலே அனுப்பறதுக்கு உன்கிட்ட ஒண்ணும் மிஞ்சாது போலிருக்கே" என்று அவர் கத்தியது பஞ்சையும் தாண்டிக் கேட்டது.

அடுத்து வந்தது கனச் சட்டை. உள்ளே முழுக்கக் குண்டுமணி அளவில் எஃகு உருண்டைகள். போட்டுக்கொண்டு படுத்தால் யாரோ ஆதரவாகக் கட்டிப்பிடித்த மாதிரி இருக்கும் என்றாள் பட்டைக்காரப் பெண். அவர் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார், படுத்தார், புரண்டார். அந்தப் புரளலில் கட்டிலின் நடுப்பலகை முறிந்தது. அவர் உள்ளே போனார். பக்கத்தில் படுத்திருந்த மனைவி சரிந்து அவர் மேலேயே வந்து விழுந்தாள். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டி "யாராவது விழுந்துட்டாங்களா?" என்று கேட்டபோது, கவிழ்த்துப்போட்ட ஆமையைப் போலக் கையும் காலும் மட்டும் ஆட முடிந்த நிலையில் கிரேன்காரர் கிடந்தார்.

"எப்படி சார், கட்டிப்பிடிச்ச மாதிரி இருந்துச்சா?" என்று ஆசையாகக் கேட்டாள் பட்டைக்காரப் பெண்.

"கட்டிப்பிடிச்சுக் கிணத்துல தள்ளின மாதிரி இருந்துச்சும்மா."

"அருமை சார். அப்ப கடைசிக் கருவிக்குப் போயிடலாம்."

கடைசிக் கருவி பார்ப்பதற்குச் சாதுவாக இருந்தது. மணிக்கட்டில் கட்டுகிற சாம்பல் நிறப் பட்டை. நிதானமான இதயத்தைப் போல மெதுவாகத் துடிக்கும், நம்முடைய இதயமும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்றாள் அவள். பட்டையில் எண் கிடையாது, எழுத்து கிடையாது.

"எண்ணைக் காட்டினா ஆளுங்க ராத்திரி பூரா அதையே பார்த்துப் பயந்துக்கறாங்க சார். அதனால எடுத்துட்டோம். தூக்கம், அசைவு எல்லாம் உள்ளேயே பதிவாகும். கடைசியா நான் திறந்து பார்த்தாத்தான் தெரியும். மூச்சு, நெஞ்சு ரெண்டுல ஆபத்துன்னா மட்டும் எங்களுக்கு உடனே சொல்லிடும். ரெண்டு வாரம் கட்டணும்."

முதல் வாரம் கிரேன்காரர் யோக்கியமாகத்தான் கட்டினார். முறிந்த கட்டிலை வெளியே தள்ளிவிட்டுத் தரையில் மெத்தை போட்டிருந்தார்கள். பட்டை மெதுவாகத் துடித்தது. அவர் நெஞ்சு அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வதாக இல்லை, அதனோடு சண்டைக்குப் போனது. காலையில் எழுந்ததும் மனைவியிடம் ஒப்பிப்பார். கண்ணை மூடவே இல்லை. சிமென்டு பூசின இடம் கண்முன்னால் வந்து நின்றது. வெளியே கிரேன் சத்தம் கேட்டது. கொடிக்காரர் வந்து கதவோரம் நின்று டீ இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

"ம்" என்று கேட்டுக்கொள்வாள் மனைவி. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்கும்.

அவளைப் பற்றி ஒரு வார்த்தை. தையல் கடையில் வேலை. அவளுடைய தூக்கம் குடும்பத்தில் பிரசித்தம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வருவாள். தையல் மெஷினில் கால் ஓடிக்கொண்டிருக்கும், தலை தொங்கிவிடும். அப்படித்தான் ஒரு சட்டைக்குக் கழுத்தை மூடித் தைத்துவிட்டாள். போட்டுப் பார்க்க வந்தவர் தலையை நுழைக்க இடம் தேடினார். சோப்புப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியில் சாய்ந்து தூங்கியதைக் கிரேன்காரரே பார்த்திருக்கிறார். மகள் விடுதியிலிருந்து போன் செய்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் கண் சொருகிவிடும்.

ராத்திரி அவர் படுக்க வரும்போது அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, சீராக மூச்சு விட்டுக்கொண்டிருப்பாள். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். ஒரே வீடு, ஒரே மெத்தை. ஒருத்திக்கு மட்டும் கொட்டிக் கிடக்கிறது, இன்னொருத்தனுக்கு ஒரு பொட்டு இல்லை. பொறாமைதான், வேறென்ன?

முதல் வாரம் முடிந்தபோது அவர் கணக்குப் போட ஆரம்பித்தார். ஒரு வாரம் முழுக்க விழித்துக்கொண்டு கிடந்தது பட்டைக்குத் தெரியாமலா இருக்கும்? இரண்டாவது வாரமும் இதே மாதிரி போனால் கிடங்குதான். ஒரு வாரமாவது நல்ல தூக்கம் பதிவாக வேண்டும். யாருடைய தூக்கமாக இருந்தால் என்ன? மேலே ஓட்டுகிறவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று ஆள் வைப்பதில்லையா? தூக்கத்துக்கும் ஒரு மாற்று ஆள் வைத்தால் போகிறது.

முதலில் மாட்டியவன் மச்சினன். மனைவியின் தம்பி, அதே கட்டடத்தில் கீழே ஓர் அறையில் தனியாக இருந்தான். பார்சல் வண்டி ஓட்டுபவன். சிக்னலில் சிவப்பு விழுந்தால் பச்சை விழுவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவான்.

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்டா. இதைக் கட்டிக்கிட்டுத் தூங்கு, போதும்."

"அவ்வளவுதானா மாமா? இதுக்கா இவ்வளவு பதட்டம்?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கிரேன்காரரின் போன் அடித்தது. பட்டைக்காரப் பெண்தான். குரலில் சிரிப்பு இல்லை.

"சார், நீங்க உயிரோட இருக்கீங்களா?"

கிரேன்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். "இருக்கேன்னுதான் நெனக்கிறேன். ஏம்மா?"

"ராத்திரி திரும்பத் திரும்ப உங்க மூச்சு நின்னு நின்னு வந்திருக்கு சார். எழுந்து நடக்காதீங்க. ஆம்புலன்ஸ் அனுப்பியாச்சு."

"அதெல்லாம் வேணாம்மா, நான் நல்லாத்தான் டீ குடிச்சிக்கிட்டிருக்கேன்."

"டீயைக் கீழே வைங்க சார்!"

ஆம்புலன்ஸ்காரர்கள் எமகாதகர்கள். நடந்து வருகிறேன் என்று எவ்வளவோ கெஞ்சியும் கேட்காமல், ஸ்ட்ரெச்சரில் வைத்து வார் போட்டுக் கட்டி, மாடிப்படியில் தலைகீழாக இறக்கினார்கள். கட்டடத்தில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். கீழ்வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஓர் அம்மாள் விசும்பவே தொடங்கிவிட்டார்.

சத்தம் கேட்டு மச்சினன் கண்ணைக் கசக்கிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தான். கையில் பட்டை மின்னியது.

"ஐயையோ, என்ன மாமா ஆச்சு உங்களுக்கு?"

"கையைப் பாக்கெட்டுக்குள்ள விடுறா மூதேவி" என்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் கிரேன்காரர். பக்கத்தில் நின்ற அம்மாள் அதைக் கடைசி ஆசை என்று நினைத்து இன்னும் பலமாக அழுதார்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு மூச்சில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பினார்கள். மூச்சு அடைக்கிற வியாதி உண்மையில் இருந்தவன் மச்சினன். அக்காள் அவன் காதைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பரிசோதனையில் இதுவரை உருப்பட்டவன் அவன் ஒருவன்தான்.

ஆனால் செய்தி அதற்குள் வேலையிடத்துக்குப் போய்விட்டிருந்தது. கிரேன்காரர் கிடங்குக்குள் நுழைந்ததும், இரங்கல் பலகையில் அவர் படத்தை மாட்ட ஆணி தேடிக்கொண்டிருந்த இரண்டு பேர் திருதிருவென்று விழித்தார்கள். கொடிக்காரரின் படத்துக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்கியிருந்தார்கள். கிரேன்காரர் அந்த வெற்றிடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே மாட்டப்பட வேண்டியது தன் படம்தானே என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவருக்கு ஆச்சரியமும் இல்லை.

"தூக்கம் இல்லைன்னாக் கிடங்குல வேலை குடுக்கலாம். மூச்சே இல்லைன்னா நான் உனக்கு எங்கப்பா வேலை குடுப்பேன்?" என்றார் சேஃப்டி ஆபீசர். "மேலிடத்துல கேக்கறாங்க. மீதி நாளாவது பட்டையில ஒழுங்கா ஏதாவது வரணும். இதுதான் கடைசி."

அன்று மாலை மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கிரேன்காரர் பட்டையோடு போய்ப் பக்கத்தில் நின்றார்.

"இதை நீ கட்டிக்க."

"நானா?"

"தூங்குறதுல உன்னை மிஞ்ச ஆளுண்டா?"

அவள் சிரிக்கவில்லை. "வேணாங்க. என் தூக்கம் உங்களுக்குச் சரிப்பட்டு வராது."

"ஏன், எனக்குக் கொஞ்சம் குடுத்தா உனக்குக் குறைஞ்சிடுமா?"

"சொன்னாக் கேளுங்க. நீங்களே கட்டிக்கிட்டுப் படுங்க. அதுதான் நல்லது."

அவருக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. மாதக்கணக்காக அந்த முதுகைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்துவைத்தது மொத்தமும் வாய்க்கு வந்தது.

"ஒரு மனுஷன் செத்துப்போயிருக்கான். நான் கொட்டக் கொட்ட முழிச்சிக்கிட்டுச் சாகறேன். நீ பாட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குற. எப்படித்தான் மனசு வருதோ உனக்கு! புருஷன் கூண்டுல இருந்தா என்ன, கிடங்குல கெடந்தா என்ன, உனக்குத் தலை சாய்ஞ்சாப் போதும்!"

சொல்லி முடித்த கணமே சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

மனைவி குழாயை மூடினாள். கையைத் துண்டில் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக. பிறகு கையை நீட்டினாள்.

"கட்டுங்க" என்றாள்.

அவர் கட்டிவிட்டார்.

அந்த வாரம் முழுக்கக் கிரேன்காரர் வேறு மனிதராக இருந்தார். ராத்திரி வழக்கம்போல் கண் மூடவில்லை என்றுதான் அவர் கணக்கு. ஆனால் பக்கத்தில் பட்டை கட்டிய ஒருத்தி தனக்காகத் தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பே தெம்பாக இருந்தது. பகலில் அவள் முன்னைவிட அதிகமாகத் தூங்கி வழிந்தாள். பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போனவளை டிப்போவில் எழுப்பி இறக்கிவிட்டார்கள். கடையில் ஒரு பேன்டின் இரண்டு காலையும் சேர்த்து ஒன்றாகத் தைத்தாள். கடைக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக வந்து சொன்னாள். கண்ணுக்குக் கீழே இரண்டு கருவளையம் இறங்கியிருந்தது. பட்டை பலமாக வேலை செய்கிறது என்று கிரேன்காரர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

இடைவேளையில் அவர் கிரேனின் அடியில் போய் ஏணியைத் தொட்டுப் பார்த்தார். புதிய கொடிக்காரன், மெலிந்த பையன், ஓடி வந்து "ஐயா, கீழே நிக்காதீங்க" என்றான். நல்ல கொடிக்காரன். கிரேன்காரருக்குக் கண் கலங்கியது. இவன் தலைக்கு மேல் தான் தூக்குகிற எதுவும் நழுவக் கூடாது என்று நினைத்தார். அந்த நினைப்பில் பயம் இருந்தது, ஆனாலும் ஏணியில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. தயாராகத்தான் இருக்கிறோம் என்று அவருக்கே தோன்றியது.

முடிவு நாள் வந்தது. காலையில் மனைவி தானே பட்டையைக் கழற்றி அவர் கையில் கட்டிவிட்டாள்.

"வீட்டுக்கு வந்து என்ன ஏதுன்னு சொல்லுங்க" என்றாள்.

"சொல்றதுக்கு என்ன இருக்கு? நேரா மேலேதான்" என்று விரலால் வானத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

தகரத்தால் கட்டிய ஆபீஸ் அறையில் சேஃப்டி ஆபீசர் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டைக்காரப் பெண் பட்டையை வாங்கிக் கம்ப்யூட்டரில் இணைத்தாள். ஏதேதோ கோடுகள் ஓடின. கிரேன்காரர் பாதிப் புருவத்தைத் தடவிக்கொண்டார்.

"முதல் வாரம்..." என்று தொடங்கினாள் அவள்.

"முதல் வாரத்தை விடும்மா. பழக்கமில்லாத பட்டை. ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. ரெண்டாவது வாரத்தைப் பாரு."

"என்ன சார் சொல்றீங்க? முதல் வாரம் அருமை சார். நெசமாவே அருமை. படுத்த கொஞ்ச நேரத்துல தூங்கிடறீங்க. நடுநடுவுல கையைக் காலை உதர்றீங்க, பயந்து ஏதோ கனவு வருது போல. ஆனா முழிக்கவே இல்லை. காலைல வரைக்கும் தூக்கம்தான்."

"நானா?"

"நீங்கதான்."

"நான் தூங்கவே இல்லையேம்மா! ராத்திரி பூரா எல்லாச் சத்தமும் கேட்டுக்கிட்டுக் கெடந்தேனே!"

"தூங்கறவனுக்குத் தான் தூங்கறது எப்படியய்யா தெரியும்?" என்றார் ஆபீசர்.

"சில பேருக்கு இப்படி ஆகும் சார்" என்றாள் பட்டைக்காரப் பெண். "தூங்குவாங்க. முழிச்சிக்கிட்டு இருந்ததாவே கனவு காணுவாங்க. எங்க பரிசோதனையிலேயே நிறைய பேரைப் பார்த்துட்டோம்."

கிரேன்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மழை பெய்யாத தெரு, டீ கேட்டு வந்த கொடிக்காரர், எல்லாம் தலைக்குள் சுழன்றது. அப்படியானால் யாரையும் ஏய்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தன் சொந்தத் தூக்கத்தாலேயே மேலே போயிருக்கலாம்.

"இந்த ஒரு வாரமே போதும், நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்று ஆபீசர் பேனாவை எடுத்தார்.

"இருங்க சார், அவசரப்படாதீங்க" என்றாள் பட்டைக்காரப் பெண். "நடுவுல அந்த மூச்சு நின்ன ராத்திரி, அது கருவிக் கோளாறுன்னு தள்ளிட்டோம். ஆனா அதுக்கு அப்புறம் வர்ற வாரம்தான்..."

அவள் திரையை இன்னும் கிட்டத்தில் இழுத்துவைத்துக்கொண்டாள். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கோட்டின் மேல் விரலை வைத்து ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குகிறவளைப் போலக் கிரேன்காரரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா, அந்த வாரம் என்ன?" என்றார் கிரேன்காரர்.

"வீட்ல கைக்குழந்தை ஏதும் இருக்கா சார்? ஒரு ராத்திரிகூடக் கண்ணே மூடாம, விடியற வரைக்கும் பக்கத்துல யாரையோ தட்டித் தட்டித் தூங்கவச்சிருக்கு இந்தக் கை."